பிள்ளைக்குப் பொம்மை வாங்கும் முன்: சட்டம் எதைப் பார்க்கிறது, நாம் எதைப் பார்க்க வேண்டும்? நெல்லைக்காரர்களுக்கான முழு வழிகாட்டி

ஆனித் திருவிழா சமயத்தில் நெல்லையப்பர் கோவில் ரத வீதிக் கடை ஒன்றில் அக்கா மகனுக்கு ஒரு பொம்மைச் செல்போன் வாங்கினேன். எண்பது ரூபாய். பொத்தானை அமுக்கினால் பாட்டுப் பாடும், விளக்கு மின்னும். அவனுக்கு அப்போது ஒன்றரை வயது. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. கட்டிலிலிருந்து பொம்மை கீழே விழுந்ததும் முதுகுப்பக்க மூடி கழன்று ஓடிவிட்டது. உள்ளே இருந்தவை மூன்று பட்டன் பேட்டரிகள். ஒன்று தரையில் கிடந்தது. ஒன்று அவன் உள்ளங்கையில் இருந்தது. மூன்றாவதைக் காணவில்லை. அக்கா அவன் வாயைத் திறந்து பார்க்க, ஆச்சி பாயை உதற, நான் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேட, ஐந்து நிமிடம் கழித்து அலமாரிக் காலுக்குப் பின்னால் அகப்பட்டது. அந்த ஐந்து நிமிடத்தில் ஆச்சி கூப்பிடாத சாமி இல்லை.

மூடியை எடுத்துப் பார்த்தேன். ஸ்க்ரூ கிடையாது. வெறும் கிளிப். பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை இல்லை, செய்தவர் பெயர் இல்லை, எந்த வயதுக்கு என்ற குறிப்பும் இல்லை. இப்படி ஒரு பொருளை இந்த நாட்டில் விற்கவே கூடாது என்று 2021ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்றிலிருந்து தேடிப் படித்ததையும் செய்து பார்த்ததையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

2019இல் இந்தியத் தரக் குழு, இறக்குமதியான பொம்மைகளில் மாதிரி எடுத்துச் சோதித்தது. அவற்றில் சுமார் 67 சதவீதம் தேறவில்லை. அதையடுத்து மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை, 2020 பிப்ரவரி 25 அன்று பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையை வெளியிட்டது. முதலில் குறித்த தேதி தள்ளிப்போய், 2021 ஜனவரி 1 முதல் ஆணை நடைமுறைக்கு வந்தது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கென்று செய்த பொம்மை எதுவானாலும், பிஐஎஸ் என்று நாம் சொல்லும் இந்தியத் தர நிர்ணய அமைப்பிடம் உரிமம் பெற்று, ஐஎஸ்ஐ முத்திரையோடுதான் விற்பனைக்கு வர வேண்டும். உள்ளூரில் செய்ததோ சீனாவிலிருந்து வந்ததோ, எல்லாவற்றுக்கும் இதே விதிதான். இறக்குமதிப் பொம்மை என்றால் அதைச் செய்த வெளிநாட்டுத் தொழிற்சாலையே பிஐஎஸ் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். பெட்டியில் 'சிஇ' என்ற இரண்டு ஆங்கில எழுத்தைக் காட்டி "இது ஐரோப்பா தரம்" என்பார்கள். நம் நாட்டுச் சட்டத்துக்கு அது போதாது.

பேட்டரியோ மின்சாரமோ இல்லாத பொம்மைக்கு உரிய தரநிலை ஐஎஸ் 9873. மின்சாரத்திலோ பேட்டரியிலோ இயங்குவதற்கு ஐஎஸ் 15644. இந்த 9873 பல பகுதிகளாக இருக்கிறது. பகுதி 1 பொம்மையின் உடலைப் பார்க்கிறது: கூர்முனை இருக்கிறதா, விளிம்பு வெட்டுமா, கீழே போட்டு, இழுத்து, முறுக்கிப் பார்த்தால் சின்னத் துண்டு ஏதும் கழன்று வருகிறதா என்று. கரடிப் பொம்மையின் கண்ணைப் பிடித்து இழுத்துப் பார்க்கும் சோதனைகூட உண்டு. பகுதி 2 தீப்பற்றுவது பற்றியது. பகுதி 4 வீட்டில் கட்டும் ஊஞ்சல், சறுக்குமரம் ஆகியவற்றுக்கானது. பகுதி 7 விரலால் தொட்டு வரையும் வண்ணங்களுக்கு. பிளாஸ்டிக்கை மெத்தென்று வளைய வைக்கச் சேர்க்கும் தாலேட்டு என்ற ரசாயனங்களைப் பகுதி 9 பார்க்கிறது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது பகுதி 3. பொம்மையின் பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் சுரண்டி எடுத்து, வயிற்று அமிலத்தைப் போன்ற கரைசலில், உடம்புச் சூடான 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைக்கிறார்கள். பிள்ளை அதை விழுங்கியிருந்தால் எவ்வளவு நஞ்சு உடம்பில் இறங்கியிருக்கும் என்று பார்ப்பதற்கான ஏற்பாடு இது. எட்டுத் தனிமங்களுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோ பொருளிலிருந்து கரைந்து வரும் ஈயம் 90 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. காட்மியம் 75, பாதரசம் 60, ஆர்சனிக் 25. ஈயம் வளரும் மூளையைத்தான் முதலில் தாக்கும். வெளியில் எந்த அடையாளமும் காட்டாமல் படிப்பையும் கவனத்தையும் அரிக்கும். பொம்மையை எப்போதும் வாயில் வைத்திருக்கிற வயசும், மூளை வேகமாக வளர்கிற வயசும் ஒன்றாக இருப்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

இரண்டாம் படி: கடையில் நின்றபடியே முத்திரையைச் சரிபாருங்கள்

நான் ஒருமுறை டவுனில் ஒரு கடையில், "அண்ணாச்சி, இதுல ஐஎஸ்ஐ இருக்கா?" என்று கேட்டேன். "அது குக்கருக்குல்லா இருக்கும் தங்கச்சி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஆகவே நாம்தான் பார்க்க வேண்டும்.

முத்திரையில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். மேலே தரநிலை எண்: 9873 அல்லது 15644. நடுவில் ஐஎஸ்ஐ சின்னம். கீழே உரிம எண். இது சி, எம், சாய்கோடு, எல் என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கி, பின்னால் இலக்கங்களோடு வரும். அந்த எண் இல்லாத வெறும் சின்னத்தை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம். அதை நம்பாதீர்கள்.

செல்போனில் 'பிஐஎஸ் கேர்' என்ற செயலியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இலவசம்தான். உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதிக்குப் போய் அந்த எண்ணைத் தட்டினால், உரிமம் யாருடையது, எந்த ஊர், எந்தப் பொருளுக்கு, இப்போது செல்லுபடியாகிறதா என்பதெல்லாம் வரும். இங்கே ஒரு நிமிடம் நிதானமாகப் பாருங்கள். பெட்டியில் இருக்கிற நிறுவனப் பெயரும் திரையில் வரும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். நான் பார்த்த ஒரு பெட்டியில் எண் உண்மையானதுதான். ஆனால் திரையில் வந்தது வேறொரு நிறுவனத்தின் பெயர். யாரோ வாங்கிய உரிமத்தை எடுத்து இங்கே ஒட்டியிருக்கிறார்கள். அதேபோல, பாட்டுப் பாடும் பொம்மையில் 9873 மட்டும் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள்; அது 15644இன் கீழ் வர வேண்டியது.

முத்திரையோடு சேர்த்து, செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி, மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, புகார் தெரிவிக்கும் எண் ஆகியவை பெட்டியில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இவை பொட்டலப் பொருள் விதிகளின்படி கட்டாயம். தமிழ்நாட்டில் இதை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. அப்புறம், மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆகாது என்பதற்கு ஒரு குறி உண்டு: வட்டத்துக்குள் குழந்தை முகம், 0-3 என்ற எண், குறுக்கே ஒரு கோடு. "நம்ம பிள்ளை ரொம்பச் சூட்டிகை, ரெண்டு வயசிலேயே விளையாடுவான்" என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் குறி அறிவைப் பற்றிச் சொல்வதில்லை. தொண்டைக்குழாயின் அளவைப் பற்றியது.

ஆன்லைனில் வாங்குவதற்கும் இதே சட்டம்தான். முத்திரையும் உரிம எண்ணும் தெரியும் படம் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

மூன்றாம் படி: சட்டம் விட்டுவைத்திருப்பவற்றை அடையாளம் காணுங்கள்

நம் ஊருக்கு இந்தப் பகுதி முக்கியம். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் தெரியாத நெல்லைக்காரர் உண்டா? உரல், உலக்கை, அம்மி, திருகை, குடம், இட்லிக் கொப்பரை என்று ஒரு முழு அடுக்களையே ஓலைப் பெட்டிக்குள் அடங்கியிருக்கும். அந்தக் காலத்தில் மஞ்சள் கடம்பு மரத்தில் கடைந்தார்கள். கடைசல் பட்டறையில் மரம் சுழலும்போது வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உரசும் சூட்டிலேயே அரக்கு உருகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஓலையை வைத்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்தச் சிவப்பும் மஞ்சளும் எங்கள் ஆச்சி வைத்திருக்கும் சொப்பில் இன்னும் மங்கவில்லை.

இதற்கு ஐஎஸ்ஐ வேண்டுமா? 2020இன் பிற்பகுதியில் வந்த திருத்தத்தில் இரண்டு விலக்குகள் தந்தார்கள். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழுள்ள கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்கும் பொம்மைக்கு முத்திரை தேவையில்லை. புவிசார் குறியீடு (ஒரு ஊருக்கே உரிய சிறப்புப் பொருள் என்ற அரசுப் பதிவு) பெற்ற பொம்மையை, அந்தக் குறியீட்டின் உரிமையாளரோ அங்கீகரிக்கப்பட்ட பயனரோ செய்து விற்றாலும் தேவையில்லை. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் ஊருக்குக் குறியீடு வந்துவிட்டதால் அந்த ஊர்ப் பேரில் விற்கிற எல்லாவற்றுக்கும் விலக்கு வந்துவிடாது. யார் செய்தது, அவர் பதிவு செய்தவரா என்பதுதான் கேள்வி.

இந்த விலக்கு நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு நாளைக்கு இருபது செட்டுக் கடைகிற ஒருவர், ஒவ்வொரு மாதிரியையும் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிக் கட்டணம் கட்டித் தொழில் நடத்த முடியாது. விலக்கு இல்லையென்றால் சொப்பே இருக்காது. ஆனால், யாரும் சோதிக்கவில்லை என்பதையும் நாம் மனதில் வைக்க வேண்டும். மரம் என்றாலே நல்லது என்று கண்ணை மூடி நம்புவது தவறு. அரக்கில் செய்தது ஒன்று, கடையில் டப்பாவில் வாங்கிய எனாமல் பெயிண்ட் அடித்தது இன்னொன்று. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்று 2016இல் விதி வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பயன்பாட்டுப் பெயிண்டுகளுக்கு அந்த விதி இல்லை. ஆகவே வாங்கும்போது, "இது அரக்கா, பெயிண்டா?" என்று கேளுங்கள். செய்தவர் என்றால் உடனே பதில் சொல்வார்.

தரநிலையின் எல்லைக்கே வராத சில பொருள்களும் உண்டு: பட்டம், உண்டிவில், இருக்கை உயரம் 435 மில்லிமீட்டருக்கு மேலுள்ள சைக்கிள், பிள்ளைகள் போடும் அலங்கார நகை. திருவிழாக் கடையில் பொம்மைக்குப் பக்கத்திலேயே பாசிமணி மாலை தொங்கும். பிள்ளை இரண்டையும் வாயில்தான் வைக்கும். ஆனால் பாசிமணிக்கு இந்த ஆணை பொருந்தாது. மூன்று வயது வரை அதை வாங்காமல் இருப்பதுதான் சரி.

நான்காம் படி: வீட்டிலேயே குழாய்ச் சோதனை செய்யுங்கள்

சோதனைக்கூடங்களில் சின்ன உருளை ஒன்று வைத்திருப்பார்கள். அதன் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அடி சாய்வாக இருக்கும். ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மில்லிமீட்டர். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் தொண்டையை மனதில் வைத்துச் செய்த அளவு. பொம்மையோ அதிலிருந்து கழன்ற துண்டோ ஏதாவது ஒரு பக்கமாகத் திருப்பிப் போட்டு, அமுக்காமல், இதற்குள் முழுதாக அடங்கிவிட்டால்கூட அது அந்த வயதுக்கு ஆகாது.

இதை நாமே செய்துவிடலாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுங்கள். சரியாக 10 சென்டிமீட்டர் அகலமும் 5.7 சென்டிமீட்டர் உயரமும் உள்ள துண்டு வெட்டுங்கள். 10 சென்டிமீட்டர் பக்கத்தைச் சுருட்டி, இரண்டு ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டும்படி வைத்து, வெளியே டேப் ஒட்டுங்கள். விட்டம் ஏறத்தாழ 31.8 மில்லிமீட்டர் வரும். பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர் என்பதால், அது உள்ளே கொஞ்சம் இடம் விட்டே விழும். அடி நேராக இருப்பதால் நம் குழாய் அசலைவிடக் கொஞ்சம் கண்டிப்பானது. கண்டிப்பாகவே இருக்கட்டும்.

வீட்டில் இருக்கிற எல்லாப் பொம்மைகளையும் தரையில் கொட்டி ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் காரின் சக்கரம், கட்டை அடுக்கில் இரண்டு, கிலுக்கின் உள்ளே இருந்த மணி, ஆச்சியின் சொப்பில் உலக்கையும் பானை மூடியும் உள்ளே போய்விட்டன. உருண்டையானவற்றுக்கு வேறு கணக்கு. 44.5 மில்லிமீட்டருக்குக் குறைந்த பந்து, கிட்டத்தட்ட ஒரு எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னது எதுவும், மூன்று வயதுக்குள் கூடாது. உருண்டை தொண்டையில் போய் முழுதாக அடைத்துக்கொள்ளும். காற்றுப் போக இடுக்கே இருக்காது. கோலிக்குண்டு பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குழாய்ச் சோதனைக்கு முன்னால் பொம்மையை இழுத்துப் பாருங்கள். கண், மூக்கு, பொத்தான், சக்கரம் ஒவ்வொன்றையும் விரலால் பிடித்து, பிள்ளை பல்லால் இழுப்பது போல. தையல் விட்டுப் பஞ்சு வருகிறதா என்றும் பாருங்கள். வண்ணம் கையில் ஒட்டுகிறதா என்று அறிய, ஈரப் பஞ்சால் ஒருமுறையும் தேங்காயெண்ணெய் தொட்ட பஞ்சால் ஒருமுறையும் நன்றாகத் தேயுங்கள். சாயம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் சாயம் வரவில்லை என்பதால் ஈயம் இல்லை என்று அர்த்தமில்லை. அது கண்ணுக்குத் தெரிகிற விஷயமல்ல; அதற்குத்தான் சோதனைக்கூடமும் முத்திரையும்.

ஐந்தாம் படி: பேட்டரி மூடி

பட்டன் பேட்டரி, ஸ்க்ரூ டிரைவர் போன்ற கருவி இல்லாமல் வெளியே வரக்கூடாது. கிளிப் மூடி என்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். இப்போதே வீட்டில் இருப்பவற்றை எடுத்து, ரிமோட், பாட்டு வாழ்த்து அட்டை, மினுக்கும் மோதிரம் உள்பட எல்லாவற்றையும் பாருங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இது விழுங்கிய காசு போலத் தானாக வெளியே வந்துவிடும் என்று காத்திருக்கக் கூடாத பொருள். உணவுக்குழாயில் சிக்கினால் அங்குள்ள ஈரத்தின் வழியே மின்சாரம் ஓடி, அரிக்கும் காரம் உண்டாகி, சதையை எரிக்கத் தொடங்கும். இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் ஆகிவிடக்கூடும். பிள்ளை எச்சில் வடித்தாலோ, திடீரென்று சாப்பிட மறுத்தாலோ, இருமினாலோ, ஒரு பேட்டரி குறைந்தாலோ சந்தேகமே போதும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டோ கிடைத்த வண்டியிலோ உடனே ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். போனதும் "பட்டன் பேட்டரி விழுங்கியிருக்கலாம், எக்ஸ்ரே எடுங்க" என்று அதையே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதே மாதிரிப் பேட்டரி இன்னொன்று இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள்.

ஆறாம் படி: புகார் கொடுங்கள்

நான் அந்தச் செல்போன் பொம்மையோடு திரும்பப் போனபோது பில் கேட்டார்கள். என்னிடம் இல்லை, நான் வாங்கவே இல்லை. எண்பது ரூபாய்க்கு யார் பில் கேட்பார்கள் என்று விட்டது என் தவறு. நீங்கள் கேட்டு வாங்குங்கள். சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் போதும்.

பொம்மை, பெட்டி, முத்திரை இருக்க வேண்டிய இடம், கடைப் பலகை ஆகியவற்றைப் படம் எடுத்து வையுங்கள். பொம்மையைத் தூக்கி எறியாதீர்கள். பிஐஎஸ் கேர் செயலியிலேயே புகார் பகுதி இருக்கிறது. முத்திரை இல்லாமல் விற்பது, போலி முத்திரை இரண்டையும் அதில் பதியலாம். தென் மாவட்டங்களுக்கு மதுரையில் பிஐஎஸ் கிளை அலுவலகம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் சொல்லலாம். பிள்ளைக்குக் காயமோ செலவோ ஆகியிருந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று நினைக்காதீர்கள். 2023 தொடக்கத்தில் நாடு முழுக்கப் பெரிய மால்களிலும் விமான நிலையக் கடைகளிலும் பிஐஎஸ் நடத்திய சோதனைகளில், முத்திரை இல்லாத சுமார் 18,600 பொம்மைகளைப் பறிமுதல் செய்தார்கள்.

விற்கிறவர்களுக்கும் செய்கிறவர்களுக்கும்

கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களே, விற்பது மட்டுமில்லை, விற்பதற்காக அடுக்கி வைத்திருந்தாலும், குடோனில் இருப்பு வைத்திருந்தாலும் அது சட்டத்தில் குற்றம். 2016ஆம் ஆண்டு பிஐஎஸ் சட்டத்தின் 29ஆம் பிரிவு, முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. மறுபடியும் நடந்தால் அபராதம் 5 லட்சத்துக்குக் குறையாது. பொருளின் மதிப்பில் பத்து மடங்கு வரை போகலாம். மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும்போதே உரிம எண்ணைச் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள்.

சின்ன அளவில் பொம்மை தயாரிப்பவர்கள் பிஐஎஸ்ஸின் மானக் ஆன்லைன் தளம் வழியாக உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். நுண்தொழில்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்பதால் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை முதலில் முடித்துவிடுங்கள். கைவினைஞர் என்றால் கைவினைப் பொருள் ஆணையரின் அடையாள அட்டையை எடுத்து, அதன் நகலைக் கடையில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வையுங்கள். கேட்கிறவர்களுக்குக் காட்டினால் உங்கள் சரக்கின் மதிப்பும் கூடும்.

அம்பாசமுத்திரம் பக்கம் சொப்புச் சாமான் கடைகிற ஒரு பெரியவரிடம் போனபோது என் அட்டைக் குழாயைக் காட்டினேன். என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர், கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து, பதினாறு சாமானையும் ஒவ்வொன்றாகக் குழாயில் போட்டுப் பார்த்தார். உலக்கை போயிற்று. கரண்டி போயிற்று. பானை மூடி கொஞ்சம் தயங்கி, பிறகு அதுவும் போயிற்று. மூன்றையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, "சின்னப் பிள்ளைக்குன்னு கேட்டு வாரவங்களுக்கு இந்த மூணையும் எடுத்துட்டுத் தாரேன் தாயி, அந்தக் குழாயை இங்கன வச்சிட்டுப் போ" என்றார்.